தம்பிக்குப் படித்துக் காட்டாத கட்டுரை

வாசகர்கள் அவளுக்கு வைத்த பெயர் மனசு அக்கா. எந்தப் பத்திரிகையிலும் அவளுக்கென்று நாற்காலி கிடையாது. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தூக்கம் தொலைத்தவர்களையும், காரணமில்லாமல் அழுகிறவர்களையும், கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டுகிறவர்களையும் பற்றி எழுதி, கேட்கிற பத்திரிகைக்கு அனுப்புவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார். தன்னிடம் மனம் திறந்தவர்களின் ஊர், வேலை, வயது எல்லாவற்றையும் மாற்றுவாள். அச்சுக்கு அனுப்பும் முன் அவர்களுக்கே போன் போட்டு முழுக்கப் படித்துக் காட்டுவாள். "இந்த வரி வேண்டாம்மா" என்றால் அந்த வரி போய்விடும், படிப்பவர் கண்ணில் தண்ணீர் வரவைக்கிற வரியாக இருந்தாலும்.

தம்பி பள்ளிக்கூட வாத்தியார். எப்போதும் சிரிப்பும் கேலியும்தான். "எனக்குக் கிறுக்குப் பிடிச்சா ஓசியில பாத்துக்குவியாக்கா?" என்று அவள் வேலையை வம்புக்கு இழுப்பான். அவன்தான் ஒரு மத்தியானம், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"வாழவே பிடிக்கலக்கா. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல. குளிக்கப் போனா குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறேன். சத்தம் வெளிய கேக்காதுல்ல."

கத்தியைப் போட்டுவிட்டு அவனை அணைத்துக்கொண்டாள். அவளே டாக்டரிடம் அழைத்துப்போனாள். அதன்பின் அடிக்கடி வந்து அவளிடம் கொட்டிவிட்டுப் போவான்.

"வீட்ல சொல்லிடாதக்கா. உங்கிட்ட பேசினா கொஞ்சம் மூச்சு விட முடியுது."

அந்தச் சமயம் பார்த்து ஒரு பத்திரிகை ஆசிரியர், ஆண்களின் அழுகை பற்றிக் கட்டுரை கேட்டார். பேச ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். அவள் தம்பியை எழுதினாள். அவனை வங்கி அதிகாரியாக்கினாள், வயதைக் கூட்டினாள், ஒரு பெண் குழந்தையைக் கொடுத்தாள். குழாயை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அவனைக் கூப்பிடப் போனை எடுத்தவள், நம்ம தம்பிதானே என்று கீழே வைத்துவிட்டாள். பாவி, அந்த ஒருமுறை வைத்துவிட்டாள்.

"மேடம், சமையல் பக்கத்துக்குக்கூட இவ்வளவு கடிதம் வந்ததில்ல" என்றார் ஆசிரியர்.

தம்பியின் மனைவியும் படித்தாள். தண்ணீர் வீணாகிறது என்று தினமும் குளியலறைக் கதவைத் தட்டியவள் அவள். "எங்கிட்ட சொல்லாம ஊருக்கெல்லாம் சொன்னீங்களா?" என்று அவனிடம் கேட்டு அழுதாளாம்.

அதோடு தம்பி அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. டாக்டரிடமும் போவதில்லை என்று கேள்விப்பட்டதும் அவன் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்தவன் வழிவிடாமல் நின்றான். "அக்காவா வந்தியா, எழுத வந்தியா?"

"தப்புடா. உனக்குப் படிச்சுக் காட்டியிருக்கணும்."

"காட்டியிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீ கேட்டு நான் எதை இல்லைன்னேன்?"

"டாக்டர்கிட்ட மட்டும் போடா" என்று கெஞ்சினாள்.

"எதுக்கு? நல்லா தூங்கறேன், நல்லா பசிக்குது, கெட்ட நினைப்பு எதுவும் வரல. போதுமா?" சிரித்தான்.

அவள் கட்டுரைகளில் கேட்கச் சொன்ன கேள்விகளுக்கு, கேட்குமுன்பே வரிசையாகப் பதில் சொல்லிவிட்டான். அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதியவளுக்கு, அதைத் தாண்டி உள்ளே போக வழி தெரியவில்லை.

தெருவாசல் வரை தம்பி மனைவி கூடவே வந்தாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து எங்கிட்ட ஏதோ சொல்ல வந்தாரு. அதுக்குள்ள உங்க போன். அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாரு." தயங்கினாள். "கொஞ்ச நாள் நீங்க வராம, கூப்பிடாம இருந்தா, எங்கிட்ட பேசுவாரோ என்னவோ."

அக்கா மனசில்லாமல் தலையாட்டினாள். டாக்டரின் நம்பரைக் கொடுத்தாள்.

"நீயே கூட்டிட்டுப் போம்மா. தனியா விட்டுடாத. அவன் பேசினா குறுக்க புத்தி சொல்லாத. பக்கத்துல உக்காந்து கேளு, அது போதும்."

"நான் பாத்துக்கறேன் அண்ணி."

தெருமுனை வரை போனவள் மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவன் பேச ஆரம்பித்திருப்பானா? அங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவளுக்கு எதுவும் கேட்கவில்லை.