வெள்ளைத் தட்டு காட்டிய இடம்

பேய் என்றால் நடுச்சாமம், மழை, சுடுகாடு என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மாசி மாத வெயிலில், கண் கூசும் வெளிச்சத்தில் நடந்தது. லூர்து இதை அதிகம் பேரிடம் சொன்னதில்லை. சொன்ன சிலரிடமும் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவர் சொன்னபடியேதான் இங்கே எழுதுகிறேன்.

லூர்து பட்டாளத்தில் இருந்தவர். பெரிய யுத்தத்தில் மெசபடோமியா வரை போய் நாலு வருடம் கிடந்துவிட்டு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் ரங்கூனுக்குத் திரும்பினார். அசதி மட்டும் கூடவே வந்தது. துறைமுகத்துப் பட்டறையில் வேலை கிடைத்தது. மார்த்தாவைக் கட்டினார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார். ஆனாலும் படுத்தால் தூக்கமில்லை, எழுந்தால் தெம்பில்லை. சும்மா உட்கார்ந்தால் கை நடுங்கும்.

1925இல், பட்டாளம் கழித்துக்கட்டிய பழைய துப்பாக்கிகள் ஏலத்துக்கு வந்தன. ரங்கூனின் லத்தா பகுதியில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த மீரா முகைதீன் அதில் சிலதை எடுத்தார். பழைய பட்டாளத்துக்காரர் என்பதால் லூர்துவிடம் லைசென்ஸ் இருந்தது. ஒரு மார்ட்டினி துப்பாக்கியை வாங்கி, சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மார்த்தா வாசலிலேயே நிறுத்தினாள்.

"நாலு வருசம் இதைக் கட்டிக்கிட்டு அழுதது போதாதா?"

"கைக்கு ஒரு வேலை வேணும் மார்த்தா."

அவள் வழிவிட்டாள்.

குழல் முழுக்கத் துரு. கட்டையில் நீளமாக ஒரு விரிசல். தினமும் வேலை முடிந்து வந்ததும் லூர்து அதை மடியில் போட்டுக்கொள்வார். மண்ணெண்ணெய் விட்டுத் துருவை ஊறவைத்தார். கம்பியில் துணி சுற்றிக் குழலைத் தேய்த்தார். பர்மாக்காரர்கள் கிண்ணங்களுக்குப் பூசும் கறுப்பு அரக்கை வாங்கி விரிசலை அடைத்தார். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவத் தடவ, அது பழைய தேன் நிறத்துக்கு வந்தது. அடியில் இருந்த லீவரை இழுத்தால் 'க்ளக்' என்று திறக்கும். விட்டால் 'க்ளக்' என்று மூடும். அந்தச் சத்தம் கேட்டால் கை நடுக்கம் நின்றுவிடும்.

இனிச் சுட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

ஆற்றுக்கு அக்கரையில், ஓடை வழியாக உள்ளே போனால், பட்டாளம் சுட்டுப் பழகிய மைதானம் ஒன்று கைவிட்டுக் கிடப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து க்யிம்யிண்டைங் படித்துறையில் சம்பான் படகு பிடித்தார். கூடவே கருப்பையா வந்தான். அதே பட்டறையில் வேலை செய்பவன். முந்தின இரவு முழுக்கக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். சம்பானில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தான்.

"முடியலைன்னா சொல்லு. இன்னொரு நாள் வரலாம்."

"குறிப் பள்ளத்துல உக்காந்து தட்டு காட்டத்தானே அண்ணே. அதுக்கென்ன."

மைதானம் சொன்னபடியே இருந்தது. இருநூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மண்கரை. அதன் பின்னால் ஆள் உட்காரும் பள்ளம். பள்ளத்துக்கு மேலே, சாக்குத் துணியில் கரிவட்டம் போட்டு இருவரும் குறியைக் கட்டினார்கள். வேலை எளிது. லூர்து இந்த முனையிலிருந்து சுடுவார். பள்ளத்துக்குள் பத்திரமாக இருக்கும் கருப்பையா, குண்டு பட்ட இடத்தை மூங்கில் கழியில் மாட்டிய வெள்ளைத் தகரத் தட்டால் தொட்டுக் காட்டுவான். அவ்வளவுதான்.

லூர்து குப்புறப் படுத்தார். தோட்டாவைப் போட்டார். சுட்டார்.

இடி மாதிரி சத்தம். தோளில் கழுதை உதைத்த மாதிரி ஓர் உதை. முகத்துக்கு முன்னால் வெள்ளைப் புகை. புகை கலைந்ததும் தட்டு மெல்ல எழுந்து, வட்டத்துக்கு வலப்பக்கம் கீழே தொட்டது.

சரி. கொஞ்சம் இடப்பக்கம் பிடிக்க வேண்டும்.

அடுத்த குண்டு. தட்டு எழுந்தது. இன்னும் கொஞ்சம்.

அதற்கடுத்ததில்தான் ஒன்று உறுத்தியது. புகை கலையும் முன்பே தட்டு அங்கே நின்றிருந்தது. தூங்கி விழுந்தவனுக்கு இவ்வளவு சுறுசுறுப்பா என்று நினைத்தார்.

மறுபடி சுட்டார். எதிரொலி அடங்கவில்லை... தட்டு வந்துவிட்டது.

அடுத்த தோட்டாவைப் போட்டு லீவரை மூடினார். க்ளக்.

தட்டு எழுந்தது.

அவர் இன்னும் சுடவே இல்லை.

"கருப்பையா, விளையாடாத" என்று சத்தம் போட்டார். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. வட்டத்தின் நடு மையத்தில்.

அங்கேயே சுட்டார். தட்டு லேசாக ஆடியது, சரி என்பது போல.

அதன்பிறகு லூர்து யோசிப்பதை விட்டுவிட்டார். எங்கே காட்டுகிறதோ அங்கே சுட்டார். மேலே காட்டியது, மேலே சுட்டார். ஓரத்தில் காட்டியது, ஓரத்தில் சுட்டார். சொன்ன இடத்தில் சுடுவது அவருக்குப் புதிதல்ல. நாலு வருடம் அதைத்தான் செய்தார். யோசிக்க வேண்டியதில்லை... மனதுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

காற்று நின்றுபோனது. புகை நகராமல் தரையோடு படிந்து கிடந்தது.

தோட்டா போட்டார். க்ளக்.

தட்டு இந்த முறை சாக்கை விட்டு விலகியது. இடப்பக்கமாக நகர்ந்தது. மெதுவாக... மண்கரைக்கு மேலே வந்து நின்றது. புகைக்குள் அந்த வெள்ளை மட்டும் தெரிந்தது.

லூர்து அதற்குக் குறி வைத்தார். விரல் விசையில் பதிந்தது.

அவரை நிறுத்தியது புத்தி இல்லை. அவரே அதை ஒப்புக்கொள்வார். தோள் வலித்தது. இன்னொரு உதை வாங்கத் தெம்பில்லை. ஒரு நிமிடம் இருக்கட்டும் என்று துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

தட்டு அசைந்தது.

டக். டக்.

அந்த இடத்தையே இரண்டு முறை தட்டியது. சீக்கிரம் என்பது போல.

புகை கலைந்தது.

மண்கரை மேல் கருப்பையா நின்றிருந்தான். இவருக்கு முதுகைக் காட்டியபடி.

அவன் முதுகில்... வெள்ளையாக, வட்டமாக...

லூர்து கண்ணை இறுக்கி மூடினார். திறந்தார்.

தட்டு இல்லை. முதுகு மட்டும்.

லீவரை இழுத்தார். தோட்டா வெளியே விழுந்தது. துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

கருப்பையா திரும்பவே இல்லை. இவர் தோளைப் பிடித்து உலுக்கியதும்தான் திரும்பினான்.

"ஏண்டா மேல ஏறின?"

"நீங்க கூப்பிட்டீங்களாம் அண்ணே. அந்த ஆளு எழுப்பி விட்டாரு. 'மேல போய் நில்லு, திரும்பாத'ன்னாரு."

"எந்த ஆளு?"

"தட்டு காட்டுறதுக்கு நீங்க வச்ச ஆளு. காக்கிச் சட்டை. நம்ம தமிழ்தான் பேசினாரு. 'நீ தூங்கு தம்பி, நான் பாத்துக்கிறேன்'னாரு."

லூர்து பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். காலி. காய்ந்த சேற்றில் ஒரே ஆளின் கால்தடம். கருப்பையாவின் வெறுங்கால் தடம்.

"நம்ம தட்டு எங்கடா?"

"அதைச் சம்பான்லயே விட்டுட்டேன் அண்ணே. எடுக்கப் போகலாம்னு பாத்தேன். அதுக்குள்ள அவரு கையில ஒண்ணு வச்சிருந்தாரு." முதுகைத் தடவினான். "நீங்களா இப்ப முதுகுல தட்டினது? ரெண்டு தடவை?"

லூர்து அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், போட்ட துப்பாக்கியை எடுத்தார். ஓடைக்கு வந்தபோது தகரத் தட்டு சம்பானின் அடியில் கிடந்தது, மூங்கிலோடு, காலையில் வைத்தபடியே.

மறுநாள் துப்பாக்கியை மீரா முகைதீனிடமே கொண்டுபோய் வைத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு அழகா ஆக்கிட்டு எதுக்குக் குடுக்கிறீங்க? எங்க வச்சுச் சுட்டீங்க?"

லூர்து இடத்தைச் சொன்னார். நடந்ததைச் சொல்லவில்லை.

மீரா முகைதீன் துப்பாக்கியைக் கீழே வைத்தார். அந்த மைதானத்துக்குச் சாக்கும் மூங்கிலும் கொடுத்து வந்தது அவருடைய வாப்பாதான்.

"அங்கயா போனீங்க... பள்ளத்துல இருந்த ஆளுங்க மூணு பேரு அங்க செத்தாங்க. ஒவ்வொருத்தனும் தானா மேல ஏறி வந்து நின்னான். முதுகுல குண்டு. சுட்டவங்க மூணு பேரும் வேற வேற ஆளு, ஒருத்தனை ஒருத்தன் பாத்தது கூட இல்ல. விசாரணையில மூணு பேரும் ஒண்ணையேதான் சொன்னாங்க. தட்டு காட்டின இடத்துலதான் சுட்டேன்னு. யாரும் நம்பல. அப்புறம் இடத்தையே மூடிட்டாங்க."

லூர்து துப்பாக்கிக் கட்டையை விரலால் தடவினார். பிறகு கேட்டார்.

"முதல்ல செத்தானே, அவன்தான் அப்புறம் வந்து..."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க" என்றார் மீரா முகைதீன். "ஆனா முதல் ஆளைச் சுட்டவனும் அதையேதானே சொன்னான்."