பொருந்தாத ஏழு ஷாட்டுகள்

அம்மா இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அவள் செய்ததில் இதையாவது பிழையில்லாமல் எழுதிவைக்க வேண்டும்.

அம்மா சினிமாவில் கண்டினியூட்டி பார்த்தவள். ஒரு காட்சியைத் துண்டு துண்டாகப் பல நாள் எடுப்பார்கள். திங்கட்கிழமை கதாநாயகி குடையை இடது கையில் பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமையும் இடது கைதான். பின்னால் பெஞ்சில் இருந்தவர் அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு போட்டோ, ஒரு பக்கக் குறிப்பு. முப்பத்தொரு வருடம் இதுதான் வேலை.

நான் சொல்ல வந்தது அவள் வேலை பார்த்த ஒரு படத்தைப் பற்றி. அது, ஒரு டைப்பிஸ்ட் பெண்ணை விடாமல் பின்தொடரும் தனியனைப் பற்றியது. கதாநாயகிக்கு அது முதல் படம். பாதியில் அவளுக்கு நிஜமாகவே கடிதங்கள் வரத் தொடங்கின. அவள் தங்கியிருந்த அறைக் கதவுக்கு அடியில் செருகியிருக்கும். நான்காவது கடிதம் இப்படி முடிந்தது: ‘கடைசி நாள் ஷூட்டிங் முடிந்ததும் உன்னை அழைத்துப்போவேன்.’ அதற்கு ஒன்பது நாள் இருந்தது.

டைரக்டர் நம்பவில்லை. “கதை உன் தலைக்குள்ள ஏறிடுச்சும்மா. நல்லதுதான், நடிப்புல தெரியுது.”

அவள் பெட்டியைக் கட்டினாள். போயிருந்தால் அவள் சினிமா அதோடு சரி.

புரொடக்‌ஷன் மேனேஜர் கடிதங்களை அம்மாவிடம் நீட்டினார். “குடை, கிளிப்பு, செருப்பு வாரு... இவ்ளோ நுணுக்கமா எழுத யூனிட்ல உங்களை விட்டா யாரு இருக்கா, அக்கா?”

“நான் எழுதியிருந்தா தேதியும் போட்டிருப்பேன் தம்பி.”

கேலியாகச் சொன்னாளே தவிர, உட்கார்ந்து கடிதங்களைத் தன் குறிப்புகளோடு ஒப்பிட்டாள். தெருக் காட்சி எடுத்த நாளில் கதாநாயகியின் தலைக் கிளிப்பில் ஒரு பல் உடைந்திருந்ததாக ஒரு கடிதம் சொன்னது. அம்மாவின் குறிப்பில் அது இல்லை. கேமராப் பக்கமிருந்து பார்த்தால் குடை மறைத்திருந்தது. பின்னால் இருந்தவனுக்குத்தான் தெரிந்திருக்கும். போட்டோவை எடுத்தாள். பின்னால் பெஞ்ச். பெஞ்சில் கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன்.

துணை நடிகர்கள் பட்டியலில் அவன் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவனைக் கூலிக்கு வந்த ஆள் என்று அம்மா நினைத்துவிட்டாள். பிறகு வந்த ஒவ்வொரு நாளும், “அதே இடம், அதே சட்டை” என்று அவளே கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறாள். மொத்தம் ஏழு ஷாட். தப்பு தன்னுடையது என்று மேனேஜரிடம் முதலில் சொன்னதும் அவள்தான்.

மறுநாளும் அவன் வந்தான். அம்மா வழக்கமான குரலில் பேசினாள்.

“சார், பட்டியல்ல உங்க பேரு விட்டுப்போச்சு. பேரு, விலாசம், போட்டிருக்கிற சட்டை, எல்லாம் எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ஷாட் இருக்கு.”

“நான் இருந்தே ஆகணுமா?”

“நீங்க இல்லன்னா காட்சி பொருந்தாது சார்.”

சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு வரி எழுதிக் கொடுத்தான். கடிதங்களில் இருந்த அதே சாய்ந்த எழுத்து. அம்மா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள்.

பத்து மணிக்கு அதே சட்டையில் வந்து உட்கார்ந்தான். பெஞ்சில் அவனுக்கு இருபுறமும் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் போலீஸ்காரர்கள். பிடித்துச் சோதித்தபோது அவன் பையில் ஐந்தாவது கடிதமும், கதாநாயகியின் அறைக்கு ஒரு கள்ளச்சாவியும் இருந்தன.

டைரக்டருக்கு அந்த ஏழு ஷாட்டையும் விட மனமில்லை. “நிஜமான ஆளு படத்துல இருக்கான். யாருக்குங்க இப்படி அமையும்?”

அம்மா ஏழு பக்கத்திலும் ‘பொருந்தாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் சரி சொல்லாத ஷாட்டை எடிட்டர் தொடமாட்டார். ஏழையும் திரும்ப எடுத்தார்கள்.

ஏழாவதை எடுத்தது படப்பிடிப்பின் கடைசி நாளில். கதாநாயகி தெருவில் நடந்து வந்தாள். அம்மா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“போன ஷாட்ல நீ சிரிக்கலையேம்மா.”

“இப்போ சிரிப்பு வருதுக்கா. நான் என்ன பண்ணட்டும்?”

அந்த ஷாட்டுக்கு அம்மா எழுதிய பக்கம் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ள குறிப்பு: ‘சிரிக்கிறாள். இருக்கட்டும்.’