காப்பார் சாலையில் ஏறிய சூடு

ஒருநாள் விட்டு ஒருநாள் என் மனைவியை எங்கள் ஊரான காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு டயாலிசிசுக்கு அழைத்துப்போகிற கார் அது. ஒரு முறை தவறினாலும் அவள் உடம்பில் தண்ணீர் கோத்து மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட கார்தான் நடுரோட்டில் நின்றுவிடுவேன் என்று மிரட்ட ஆரம்பித்தது.

நெரிசலில் ஒழுங்காக இருக்கும். நல்ல சாலையில் வேகமெடுத்தால் சூட்டைக் காட்டும் முள் ஏறும். காரைக் குளிராக்கும் ஏர்கோனை அடைத்தால் கொஞ்சம் இறங்கும். கொளுத்துகிற வெயிலில் அவளை அப்படி வேகவைத்துக் கூட்டிப்போக எனக்குப் பொறுக்கவில்லை. காரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

"காடிக்கும் காது கேக்கும்ங்க, பேசாம ஓட்டுங்க" என்பாள்.

தெரிந்தவர்கள் எல்லாம் காருக்கு டாக்டராகிவிட்டார்கள். என்ஜின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு, நம் நாட்டு வெயிலுக்கு அது எதற்கு என்றார் ஒருவர். எங்கள் பக்கம் இது வழக்கமான வைத்தியம். இன்னொருவர், என்ஜினே போய்விட்டது, விற்றுவிடு என்றார். நான் பாதி நம்பிவிட்டேன்.

பக்கத்து ஊரான மேருவில் ஒரு வொர்க்‌ஷாப்புக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, உள்ளே பார்க்கச் சொன்னார். பச்சை நிறத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. என்ஜின் சூடேறியதும் திடீரென்று புரண்டு ஓட ஆரம்பித்தது.

"தெர்மோஸ்டாட் தொறந்துடுச்சி பாருங்கண்ணே. அது நல்லாத்தான் இருக்கு."

அப்படியே நின்றுவிட்டேன். என்ஜினுக்குள்ளே நெருப்பு வெடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த இரும்பைக் காப்பாற்றுவது இந்தக் கொஞ்சம் தண்ணீர்தான். இத்தனை வருஷம் ஓட்டியும் இதைப் பார்த்ததில்லை. கிள்ளானில் அவளுடைய ரத்தம் குழாய் வழியே வெளியே வந்து, சுத்தமாகித் திரும்பிப் போவதை முதல் தடவை பார்த்தபோது வந்த அதே பிரமிப்பு. கைகூப்பத் தோன்றியது.

பிறகு கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, ரேடியேட்டர் வாயில் நீல மருந்து ஊற்றிய குழாயை வைத்தார். "என்ஜின் பொகை தண்ணியில கலந்திருந்தா இது மஞ்சளாயிடும். மஞ்சளாச்சின்னா பெரிய வேலை லா."

குனிந்து பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

"தண்ணி நல்லா ஓடுது. அப்போ காத்துதான் போகல."

முன்பக்க பம்பரைக் கழற்றி, ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏர்கோன் தட்டுக்கும் இடையில் டார்ச் அடித்தார். மெத்தை மாதிரி ஏதோ அடைத்திருந்தது. இழுத்தார். காய்ந்த செவ்வந்தி இதழ், துளசி, மாவிலைத் துண்டு, நார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் காரின் முகப்பில் பூச்சரம் செருகுவது என் மனைவிதான். ஆயுத பூஜைக்குப் பெரிய மாலையே போடுவாள். ஓட ஓடக் காற்று அதை உதிர்த்து உள்ளே இழுத்திருக்கிறது. மெக்கானிக் சிரித்தார். அவள் முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் கிள்ளானுக்குப் போகும்போது ஏர்கோன் ஜில்லென்று ஓடியது, முள் ஏறவே இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"காடியயே மூச்சுத் திணற வெச்சியே, அப்படி என்னதான் வேண்டிக்கிட்ட?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"என்ன எறக்கி விட்டுட்டு நீங்க தனியா திரும்பிப் போவீங்கள்ல. வழியில ஒங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான்."

தனக்காக அவள் எதுவுமே கேட்டிருக்கவில்லை. அன்று அவளை வாசலில் இறக்கிவிட்ட பிறகு எனக்குக் காரை எடுக்க மனம் வரவில்லை. அவள் முடித்து வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.