பச்சை வயரும் றப்பர் செருப்பும்

எங்கள் தெருவில் முதன்முதலாகச் சுடுதண்ணீர் ஷவர் பூட்டிய வீடு எங்களுடையது. என் கணவர் இதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார். அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருசத்தில் முக்கால்வாசி நாள் வியர்த்து வழிகிற கடற்கரை ஊர் எங்களுடையது. பகலில் குழாயைத் திறந்தால், கூரைத் தொட்டியில் வெயிலில் கிடந்த தண்ணீர் தானாகவே சுடும். இங்கே யார் கேட்டார்கள் ஷவரை?

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் சவூதியிலிருந்து கொண்டு வந்த பெட்டிக்குள், துணிகளுக்கும் பால்மா டின்களுக்கும் நடுவில் அது இருந்தது. வெள்ளை மூடி, சிவப்பு பொத்தான், கீழே பளபளக்கும் குழாய். நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. "புள்ளப் பெத்தா நாப்பது நாளைக்குச் சுடுதண்ணிதானே? உன்ட உம்மா இனி அடுப்பூதத் தேவல்ல. சுவிட்சத் தட்டினாச் சரி" என்றார். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிற வேலையை ஒழுங்காகவும் செய்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

ஷவரைப் பூட்ட அவர் கூட்டி வந்தது யாரை? கலியாண வீடுகளுக்கு ட்யூப் லைட் கட்டுகிறவரை. பந்தலில் நூறு பல்பு எரிய வைக்கிற மனுசனுக்கு இந்தச் சின்னப் பெட்டி ஒரு வேலையா என்று நினைத்துவிட்டார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வந்தவர் குளியலறை பல்புக்குப் போகிற மெல்லிய வயரிலேயே ஷவரையும் கொளுவினார். ஷவர் பெட்டிக்குள்ளிருந்து மூன்று வயர் வந்தது. பச்சை நிற வயரைக் குறட்டால் வெட்டி உள்ளே தள்ளினார்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அது என்னத்துக்கு வெட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"அது சும்மா. கலியாண வீட்டுக்கெல்லாம் ரெண்டு வயர்லதான் நான் லைட் எரிய வைக்கிற. ஒரு நாளும் ஒண்டும் நடக்கல்ல" என்றார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் குசினிக்குப் போ என்று இருந்தது. போனேன். அன்று போனதற்காக என் மேலேயே எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

ஷவரைப் போட்டால் வீட்டு பல்பெல்லாம் மங்கும். பியூஸ் அடிக்கடி எரிந்தது. அதே ஆள் வந்து பியூசுக்குள் தடித்த கம்பி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு பியூஸ் எரியவே இல்லை, எல்லாருக்கும் நிம்மதி.

மகள் பிறந்து இருபதாவது நாளோ என்னவோ, குளித்துவிட்டுக் குழாயை மூடக் கை வைத்தேன். கரண்ட் முழங்கை வரை வெட்டி இழுத்தது. ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்ற நான் சுவரில் போய் மோதினேன். வந்து கணவரிடம் சொன்னேன்.

"எனக்கு ஒரு நாளும் அடிக்கல்லியே" என்றார். "புள்ளப் பெத்த உடம்பு, நரம்பு தளந்து கிடக்கும். சும்மா கதையக் கிளப்பாத."

அவருக்கு அடிக்கவில்லை, உண்மைதான். சவூதியில் பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்று இருந்து பழகியவர். காலில் றப்பர் செருப்பு இல்லாமல் குளியலறைக்குள் போகவே மாட்டார். நானும் உம்மாவும் செருப்பைக் குளியலறை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள். இது எனக்கே அப்போது விளங்கவில்லை.

விளங்கியது நாற்பதாம் நாளுக்கு முதல் நாள். உம்மா எனக்கு வாளியில் சுடுதண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். காய்ந்த சீலைத் துண்டொன்றைக் கையில் சுற்றி, அந்தக் கையால் குழாயைத் திறந்தார். வெகு நாள் பழக்கம் போலச் செய்தார்.

"உங்களுக்கும் அடிக்கிதா உம்மா?"

"கொஞ்ச நாளா இரிக்கி மகள். லேசாத்தான். மருமகனுக்கிட்டச் சொல்ல ஏலுமா? எவ்வளவு ஆசையாக் கொண்டு வந்த சாமான்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டு உறுதிப் பத்திரம் என் பேரில் இருந்தது, கட்டியது என் வாப்பாவின் வயல் வருமானம். ஆனாலும் வந்த மருமகனின் மனம் கோணக்கூடாதென்று என் உம்மா கரண்டைச் சீலைத் துண்டில் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மறுநாள் சொந்தக்காரர் முன்னால் பிள்ளையை அந்த ஷவரில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று கணவர் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். குளிப்பாட்டப் போவது உம்மா. ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, ஒரு கையால் குழாயைத் திறப்பார்.

காலையில் உம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறை வாசலுக்கு வந்தார். நான் குறுக்கே நின்றேன். கணவர் உள்ளே நின்று, செருப்புக் காலோடு, பொத்தானை அமத்தி விட்டிருந்தார்.

"செருப்பக் கழட்டிட்டு அந்தக் குழாயத் திறங்க" என்றேன்.

"என்னத்துக்கு?"

"ஒண்டும் அடிக்காதெண்டுதானே சொன்னீங்க. கழட்டுங்க."

மாமிமாரும் மச்சிமாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சிரித்தார். வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்தார். ஈரத் தரைக்கு ஒரு விரல் உயரத்தில் அந்தக் கால் நின்றது. பிறகு மெல்லச் செருப்புக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

நான் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். பிள்ளைக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தோம்.

அடுத்த நாள் பாண்டிருப்பிலிருந்து, மின்சார வேலையில் இருந்து இளைப்பாறிய ஒருவரை நானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். அவர் மூடியைக் கழற்றி, வெட்டிக் கிடந்த பச்சை வயரைக் கண்டதும் தலையில் கை வைத்தார். ஷவருக்கு மெயின் போர்டிலிருந்து தனியாகத் தடித்த வயர் வரவேண்டும், தனி பியூஸ் வேண்டும், இந்தப் பச்சை வயர் நிலத்தில் இறக்கிய கம்பியோடு சேரவேண்டும், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சும் வேண்டும் என்றார். பூட்டுவதற்கு முதல் கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் சொல்லியிருப்பார்.

"இவ்வளவு நாளா வீட்டில ஒருத்தருக்கும் அடிக்கேல்லையா?" என்று கேட்டார்.

கணவர் தரையைப் பார்த்தார். உம்மா மருமகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "லேசாத்தான் ஐயா" என்று தொடங்கினார்.

"அடிச்ச" என்றேன் நான். "பொம்புளயளுக்கு மட்டும்தான். அதால ஒருத்தருக்கும் அடிக்கல்ல எண்டு வெச்சிருந்தாங்க."