கடைசிப் பந்தி

அந்த யோசனை எனக்கு வந்தது பிரசங்கத்தின் பாதியில். விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் போய் உட்காரச் சொன்ன இயேசுவின் போதனையை ஐயர் விளக்கிக்கொண்டிருந்தார். மலையாள நாட்டில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அடுத்த ஞாயிறு ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் அசனம். சபையார் எல்லோரும் பந்தலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. முதல் பந்தி கமிட்டிக்காரர்களுக்கும் சாலைக் கடைத்தெருவில் பெரிய கடை வைத்திருப்பவர்களுக்கும் என்பது எழுதாத சட்டம். வாலிபர்கள் நாங்கள் அத்தனை பேரும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து காட்டினால் என்ன? மீதிப் பிரசங்கம் என் காதில் ஏறவில்லை.

‘காட்டினால்’ என்ற சொல் என் மனதில் எப்படி வந்து விழுந்தது என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

“அடிபொளி ஐடியா, கேட்டியா” என்றான் வாலிபர் சங்கத்து நண்பன். “ஆனா பசிக்கும்டே. ரெண்டு மணி வரைக்கும் தாழ்மையா இருக்க முடியுமா உனக்கு?”

எனக்கு இருபத்து மூன்று வயது. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆபீஸ் பிரிண்டரிலேயே ‘இந்த அசனத்தில் வாலிபர்கள் கடைசிப் பந்தி’ என்று பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு எடுத்து ஆலயக் கதவில் ஒட்டினேன்.

அந்த அசனத்துக்கு நான் ஒரு விருந்தாளியையும் அழைத்திருந்தேன். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர். தென்காசிப் பக்கம். ஒரு மத்தியானம் அவர் பழைய கிறிஸ்தவக் கீர்த்தனை ஒன்றை முணுமுணுப்பது கேட்டு நானாகப் போய்ப் பேசினேன். முதலில் “சார்” என்றார். இரண்டு மூன்று மாதத்தில் “தம்பி” ஆனேன். ஆனால் கோயிலுக்கு வாங்க என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். ஒருநாள்தான் சொன்னார். அவர் ஊரில் ஒரு அசனத்தில், இலையில் சோறு விழுந்த பிறகு, யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று அவருடைய அப்பாவை எழுப்பிவிட்டார்களாம்.

“அதுக்கப்புறம் அப்பா கோயிலுக்குப் போகல. நானும் போகல. சாமி மேல கோவம் இல்ல தம்பி. அந்தப் பந்தலப் பாத்தா அப்பா எழுந்து நின்னதுதான் ஞாபகம் வரும்.”

“எங்க சபைல உங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க அண்ணே. நான் பொறுப்பு” என்றேன். ஒரு வாரம் அவர் யோசித்தார். பிறகு சரி என்றார். பண்டிகை நாள் காலை அவருக்குக் கான்கிரீட் போடும் வேலை இருந்தது. பாதி முடிந்ததும் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியிடம் கேட்டு லாரியில் வந்துவிட்டு, மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார். கான்கிரீட்டைப் பாதியில் ரொம்ப நேரம் நிறுத்திவைக்க முடியாது. இதையெல்லாம் என்னிடம் அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

பண்டிகையன்று என் அறிவிப்பு நான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. வாலிபர்கள் மட்டும் இல்லை, பெரியவர்களும் முதல் பந்தியில் உட்கார மறுத்தார்கள். நாற்பது இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஆள் இல்லை.

“நீரு உக்காரும்வே.”

“எனக்கென்ன அவசரம். நீருதான் மூத்தவரு.”

“பிரசங்கம் எனக்கு மட்டுந்தானா சொன்னாரு?”

ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். சிரிப்பும் கூத்துமாக முக்கால் மணி நேரம் போயிற்று. கறிக்குழம்பு ஆறியது. சமையல்காரர் கரண்டியை அண்டாவில் தட்டி, “இப்படி ஒரு சபைய நான் கண்டதில்ல” என்றார். கடைசியில் பெண்களையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து ஆரம்பித்தார்கள். எல்லோரும் காத்திருந்த கடைசிப் பந்தி தொடங்கும்போது மணி இரண்டேகால். வழக்கமாக அந்த நேரத்தில் பந்தல் பாதி காலியாகக் கிடக்கும். வேலைத்தலத்திலிருந்து வருகிற கூலிக்காரர்கள் அப்போதுதான் வந்து நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். வருடா வருடம் சத்தமில்லாமல் நடந்துவந்த ஏற்பாடு அது. அன்று ஒரு இடம் பாக்கியில்லை.

கடைசி வரிசையில் கடைசி இலை என்னுடையது. ஓடிப் போய்ப் பிடித்த இடம்.

சோற்றில் கை வைத்த பிறகு நிமிர்ந்து பார்த்தேன். பந்தக்காலுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். கூடவே அவர் மனைவி, இன்னும் நாலைந்து பேர். முழங்காலில் சிமெண்ட் காய்ந்திருந்தது. சாப்பிடத் தயாராக எல்லோரும் கை கழுவியிருந்தார்கள். அந்த அம்மாள் ஈரக்கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

நான் எழுந்திருக்கலாம். என் இலையில் அவரை உட்காரவைக்க முடியாது, எச்சில். ஆனால் எழுந்து ஒரு பாயை இழுத்துப் போட்டிருக்கலாம், ஆலயத் திண்ணையில் நாலு இலை போடச் சொல்லியிருக்கலாம். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். பாருங்க அண்ணே, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் பாருங்க என்கிற சிரிப்பு. சரியாக அந்த நேரத்தில் கமிட்டிச் செயலாளர் என் தோளில் தட்டி, “தாழ்மைன்னா இதுதாண்டே” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. இன்னும் பத்தே நிமிடம், அடுத்து ஒரு பந்தி போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ரசத்துக்குக் கை நீட்டினேன்.

வெளியே லாரி ஹார்ன் அடித்தது. இரண்டாவது தடவை அடித்தபோது பந்தக்காலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

சோறு மிச்சம் இருந்தது. குழம்பும் இருந்தது. சாயங்காலம் வாளி வாளியாகப் பங்கு வைத்தோம். என் வாக்கும் பொய்யாகவில்லை. அவரை யாரும் எழுப்பவில்லை, உட்காரவே இடமில்லாதவரை எப்படி எழுப்புவது?

மறுநாள் மத்தியானம் அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைக்குப் போனேன். நல்ல ஹோட்டலில் ஆறு பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளும் தயாரித்து வைத்திருந்தேன்.

“அதனால என்ன சார். கூட்டம்னா அப்படித்தான்” என்றார்.

சார்.

அவர் மனைவி பால் இல்லாத கட்டன் சாயா போட்டு, அங்கே இருந்த ஒரே சில்வர் டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தார். “வேண்டாம் அக்கா, இப்பத்தான் குடிச்சேன்” என்றேன். குடித்திருக்கவில்லை. அவர்களுக்குச் செலவு வைக்கக்கூடாது என்ற நல்லெண்ணம்.

கம்பி வளைக்கும் சாவியைத் துடைத்துக்கொண்டே அவர் சிரித்தார். “சார் குடுக்க மட்டும்தான் வருவாரு போல. வாங்குற பழக்கம் கிடையாது.”

பொட்டலங்களை அவர் பிரிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தார். என் முன்னால் அந்தச் சாயா ஆறிப்போயிற்று.

கிருபை இலவசமாகக் கிடைப்பது, சம்பாதிக்க முடியாதது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கரும்பலகையில் கோடு போட்டு. ஒரு டம்ளர் சாயாவை வாங்கிக் குடிக்க எனக்குத் தெரியவில்லை. பந்தலில் கடைசியாக உட்கார்ந்ததும், பிரியாணியோடு போய் நின்றதும் ஒரே காரியம்தான்: இரண்டிலும் நான்தான் மேலே இருந்தேன். ஆலயக் கதவிலிருந்து அந்த அறிவிப்பைக் கிழிக்கப் போனபோது, அதன் கீழே யாரோ பேனாவால் ‘ஆமென்’ என்று எழுதியிருந்தார்கள்.

கட்டடம் முடியப் போகிறது. இந்த மாதக் கடைசியில் அவர்கள் கல்லாறு பக்கம் வேறு வேலைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் மறுபடி எங்கள் சபைக்கு வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அழைக்கும் வாயும் எனக்கில்லை. இந்தச் சனிக்கிழமை மத்தியானம் வெறுங்கையோடு போகப்போகிறேன். சரியாக அவர்கள் சாப்பிடும் நேரத்துக்கு. காலையில் எதுவும் தின்னாமல். வாசலில் நின்று, “அக்கா, பசிக்குது, சோறு இருக்கா” என்று கேட்க வேண்டும். இரண்டு நாளாகத் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். ‘பசிக்குது’ வரை வருகிறது. அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.