உருகிப்போன பிளாக்பெரிகள்

போன ஞாயிறு காலை ரவியிடமிருந்து போன்.

“அண்ணை, உடனை வாங்கோ. ஃபிரீசர் நிண்டுபோச்சு.”

ஃபிரீசர் நின்றால் ரிப்பேர்காரரைக் கூப்பிடலாம். பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிற என்னை ஏன் கூப்பிட வேண்டும்? ஆனால் குரல் சரியில்லை. ரயிலேறி, பாரிஸ் புறநகரான பியர்ஃபித்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

ரவி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். வீட்டுக் குசினித் தரையெல்லாம் தண்ணீர். நடுவில், இரண்டு பிளாஸ்டிக் பைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே பிளாக்பெரிப் பழங்கள் — உருகி, கறுத்த சாறாக.

அவருடைய மனைவி சுகந்தி பறித்தவை. முந்தின வருட ஆகஸ்டில் மகள் அபியோடு காட்டோரம் போய், முள் கீறக் கீறப் பறித்தார். கழுவி, துணியில் உலர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, அதன் பிறகே பையில் கட்டினார். குளிர்காலத்தில் கேக் செய்யலாம் என்று.

குளிர்காலம் வந்தது. மூளையில் இரத்தக் கசிவு... சுகந்தி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

அதன் பிறகு அந்தப் பைகளை ரவி யாரையும் தொடவிடவில்லை.

“பக்கத்து வீட்டு ஃபிரீசரிலை வைச்சா திரும்ப இறுகும்தானே, அண்ணை?”

ஒரு பையைப் பிரித்தேன். புளித்த வாடை. சமையல்காரருக்கு அது தெரியாதா என்ன?

“ரவி, கடையிலை எண்டா நீர் இதை என்ன செய்வீர்?”

மற்றப் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அபி வாசலில் நின்றாள். அப்பா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பெண். அன்று தமிழில் சொன்னாள்.

“பப்பா, நீங்கள் அம்மாவை உதுக்குள்ளை வைச்சிருக்கிறியள். எனக்கு ஃபிரீசரைத் திறக்கவே பயம்.”

ரவி உடைந்துபோனார். செத்தவீட்டில்கூட அழாத மனிதர். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவரே எழுந்து, புளித்த பையைக் குப்பையில் போட்டார். மற்றது கெடவில்லை. சட்டியில் கொட்டி, சீனியும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்து ஜாமாகக் காய்ச்சினார். வீடெல்லாம் வாசம்.

சூடு ஆற முன்னரே அபி பாண் துண்டில் பூசி, நின்றபடியே சாப்பிட்டாள். இன்னொரு துண்டு. இன்னும் ஒன்று.

ரவி ஒரு கரண்டியை வாயருகே கொண்டுபோனார். முடியவில்லை. திரும்ப வைத்துவிட்டார்.

“எல்லாத்தையும் நீயே சாப்பிடு, பிள்ளை.”

உங்கள் ஃபிரீசரிலும் இப்படி ஏதாவது கிடக்கிறதா? எடுத்து வைத்தவர் நீங்கள் சாப்பிடத்தான் வைத்தார்... பார்த்துக்கொண்டிருக்க அல்ல.