நானாவுக்குப் பட்ட அடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் எங்களுக்கு ஒரு சரக்குக் கடை இருந்தது. மிளகு, கராம்பு, ஏலம், சாதிக்காய் எல்லாவற்றையும் சுற்றுக் கிராமங்களில் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவோம். வாப்பா, அதாவது எங்கள் தகப்பனார், வைத்த கடை. அவர் மௌத்தான பிறகு அதை என் அண்ணனும் நானும் நடத்தினோம். அண்ணனை நாங்கள் நானா என்போம். வாங்குகிற வேலை முழுக்க நானாவுடையது. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். வெயிலில் காய்ந்த சரக்கா, புகையில் காய்ந்ததா, பழையதைப் புதியதோடு கலந்திருக்கிறார்களா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். எனக்கு அந்த மூக்கு வாய்க்கவில்லை. நான் கடையில் இருந்து விற்பவன்.

அன்று தெல்தெனியப் பக்கம் கராம்பு பார்க்கப் போனவர், துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வாடகைக் காரில் நானா முன்னால் சாரதிக்குப் பக்கத்திலும் நான் பின்னாலும் இருந்தோம். ஒரு வளைவில் மாட்டுவண்டி எதிர்ப்பட்டது. சாரதி ஒதுக்கப் பார்த்தார். சேற்றில் சக்கரம் வழுக்கி, கார் பாதையை விட்டிறங்கிக் கொக்கோ மரங்களுக்கிடையே சரிந்து விழுந்தது.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு என் வலது காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வேறு யாருடைய காலோ போலத் திரும்பிக் கிடந்தது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. சாரதியின் கையைக் கண்ணாடி கிழித்திருந்தது. நானாவின் நெற்றி முன்பலகையில் மோதி வீங்கியிருந்தது. மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. சால்வையால் அதைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒண்டும் இல்ல. தம்பிட காலப் பாருங்க, தம்பிட காலப் பாருங்க!" என்று ஓடிவந்த ஊர்க்காரரிடம் கத்தினார். அவர்கள் சிங்களவர்கள் என்பதுகூட அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர்களுக்கு விளங்கியது. ஒரு கதவைக் கழற்றி வந்து என்னை அதில் கிடத்தி, அவ்வழியே வந்த லொறியில் ஏற்றிவிட்டார்கள். கண்டி வரும்வரை என் குதிகாலை இரு கையாலும் அசையாமல் பிடித்தபடியே நானா வந்தார்.

ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்துச் சேர்த்துப் பலகை வைத்துக் கட்டினார்கள். நானாவின் நெற்றிக்கும் மருந்து போட்டு, தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று கேட்டார்கள். எதுவுமில்லை என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு வந்த நாட்களில் அவர் மூக்கில் தண்ணீர்போல ஒழுகிக்கொண்டே இருந்தது. "மழையில நனஞ்ச, தடிமன் புடிச்சிட்டு" என்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கால் புண் அழுகிய ஒரு மனிதர் கிடந்தார். அவரைத் தாண்டிப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவருடைய சொந்தக்காரர்களே எட்டத்தில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். நானா மட்டும் அவர் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி பருக்குவார். என் நானாவைப் போல ஒரு மனிதர் உண்டா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் வீட்டுக்கு வந்த பிறகு, நானாவின் மனைவி ஒரு நாள் என் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிறைமாதம் அவருக்கு.

"தம்பி, ஒங்கட நானாக்கு என்னமோ நடந்தீக்கிது. நேத்து கறி அடிப்பிடிச்சி வீடெல்லாம் கரிஞ்ச மணம். குசினிக் கதவடியிலதான் இருந்தார், ஒரு வார்த்த சொல்லல்ல. எத ஆக்கிக் குடுத்தாலும் மண்ணத் திண்ட மாதிரி ஈக்கிதுண்டு பீங்கானத் தள்ளுறார். என்னோட ஒரு நாளும் கோபிக்காத மனிசன் இப்ப எடுத்ததுக்கெல்லாம் சத்தம் போடுறார்."

சொல்லிவிட்டு அழுதார். எனக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் புண் நினைவுக்கு வந்தது. அந்த நாற்றமும் நானாவுக்கு எட்டியிருக்கவில்லை.

பின்னேரம் நானா வந்ததும், கராம்பை நசுக்கி அவர் முன் நீட்டினேன். வாங்கி நெடுநேரம் முகர்ந்தார். பிறகு அதை என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"கார் உழுந்த நாளையிலிருந்து ஒண்டும் மணக்கல்ல தம்பி. தடிமன் விட்டா சரியாகும்டு பாத்துக்கிட்டிருந்த. விக்கிற ஆக்கள்ட முகத்தப் பாத்துத்தான் சரக்கு வாங்கின."

என் கால் வளைந்து கிடந்ததை எல்லாரும் கண்டார்கள். அவர் பட்ட அடி, அதைச் சுமந்து நடந்தவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியவில்லை.

காலில் கட்டோடு நானும் வண்டியேற, ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனோம். நெற்றி மோதிய வேகத்தில், மணத்தை உணர்கிற நரம்புகள் மூக்குக்கு மேலே அறுந்திருக்கலாம் என்று டாக்டர் விளக்கினார். கட்டுவதற்கும் தைப்பதற்கும் அங்கே ஒன்றுமில்லை. சிலருக்குத் தானாகத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். கோபமும் அந்த அடியின் விளைவாக இருக்கலாம், வீட்டில் பொறுத்துப்போகச் சொன்னார். நானா தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கால் மெல்ல மெல்லத் தேறியது. முதலில் கம்புகளை ஊன்றி வாவியோரம் நடந்தேன். பிறகு ஒரு கைத்தடி போதுமானதாயிற்று. கால் சற்றுக் குட்டையாகிவிட்டது, சப்பாத்தின் அடியை உயர்த்தித் தைத்துக்கொண்டேன். சின்ன முன்னேற்றம் ஒன்றைக் கண்டாலும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நானாவும் சிரித்துக்கொண்டு என் கையைப் பிடிப்பார். வீட்டுக்குள் வந்ததும் தனியாக அலுமாரியைத் திறந்து அத்தர் குப்பியை மூக்கில் வைத்துப் பார்ப்பார். அவர் திரும்பும்வரை நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

கோபம் ஓரளவு தணிந்தது. மணம் திரும்பவில்லை. சரக்கு வாங்கப் போவதை அவராகவே விட்டுவிட்டார். நான் போனேன், பல தடவை ஏமாந்தேன். கடைசியில் அந்த வியாபாரத்தைக் கைவிட்டுப் புடவைக்கடை வைத்தோம்.

அதற்கு முன்பே நானாவுக்கு மகள் பிறந்திருந்தாள். குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, நானாவின் மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். குனிந்து பிள்ளையின் உச்சியில் முகத்தை வைத்தவர் நிமிரவேயில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"புள்ளட தல எப்பிடி மணக்குது தம்பி? சொல்லு" என்றார்.

நான் முகர்ந்தேன். பால் மாதிரி என்று தொடங்கினேன். பாலின் மணமும் அவருக்கு இல்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. நானா பிள்ளையின் தலையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.